தோற்றால் என்ன செய்வது?

எந்த வல்லரசும் தோற்போம் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. மூட்டை கட்டும்போதுதான் நமக்குத் தெரியவரும். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினத்தில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னை சர்க்கார் சும்மா இருக்குமா? ஹைகோர்ட்டைக் கோயமுத்தூருக்கு அனுப்பிற்று. கூண்டு உடைந்தால் ஆபத்தென்று மிருகக்காட்சிசாலைச் சிங்கம் புலிகளைப் போலீசாரே சுட்டுக் கொன்றார்கள். பாவம், அவை எந்தக் கட்சி!

ஜனங்களுக்கோ, அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்ற யோசனை மட்டுந்தான். எங்கே போவது என்பது அவரவர் பாடு. தெற்கே உறவுள்ளவர்கள் எழும்பூரில் முண்டியடித்து ரயிலேறினார்கள். திண்டிவனம் தாண்டி விழுப்புரம் ஜங்ஷன். அங்கே தஞ்சாவூருக்கு ஒரு பாதை, விருத்தாசலத்துக்கு ஒரு பாதை. ஜப்பானியக் கப்பற்படையோ, ஏப்ரல் 9-ல் திருகோணமலையைத் தாக்கிவிட்டுக் கிழக்கே திரும்பிவிட்டது. அதை யார் அவர்களுக்குச் சொல்வது?