தலைக்குள் இருந்த இண்டெக்ஸ்

'புக் ஒன்', 'புக் டூ', 'நியூ', 'நியூ ஃபைனல்', 'ஃபைனல் ஃபைனல்', 'சார் சொன்னது'...

சினிமா டைட்டில்கள் இல்லை சார். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை ஆபீஸ் கம்ப்யூட்டரில் சில வருஷங்களுக்கு முன் நான் பார்த்த எக்ஸெல் ஃபைல்களின் பெயர்கள். எண்ணூற்றுச் சொச்சம் இருந்தன.

விவகாரம் இதுதான். கோன் வைண்டிங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, மஞ்சள் பையோடு வந்து உட்கார்ந்திருந்தார். "பத்து வருசத்துக்கு மேல வேலை செஞ்சேனுங்க தம்பி. நடுவால ரெண்டு வருசத்தைக் காணமுங்கறாங்க. நீங்க பார்த்து ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாப் போதும்" என்றார் இளம் முதலாளியிடம். 1995-ல் வந்த தொழிலாளர் பென்ஷன் திட்டத்தில், மாதாமாதம் பென்ஷன் வாங்கக் குறைந்தது 10 வருட சர்வீஸ் வேண்டும். இரண்டு வருஷம் காணாமல் போனால் பென்ஷனே காணாமல் போய்விடும்!

அந்த இரண்டு வருஷச் சம்பளப் பட்டியலும் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. எந்த ஃபைலில் என்பது பழைய அக்கவுன்டன்டுக்கு மட்டுமே தெரியும். அவர் முந்தின வருஷம் காலமாகிவிட்டார். "அவரு இருந்தா கண்ணை மூடிட்டுச் சொல்லுவாருங்கண்ணா..." என்று கையைப் பிசைந்தார் முதலாளி. ஆக, இண்டெக்ஸ் இல்லாமல் இல்லை. அது அவருடைய தலைக்குள் இருந்தது. அவரோடு போய்விட்டது.

இதே மில்லில், தாத்தா காலத்துப் பேரேடுகள் பரண் மேல் கிடந்தன. ஒன்றை இறக்கித் தூசி தட்டினேன். முதல் சில பக்கங்களில் படிக்கட்டு மாதிரி ஓரம் வெட்டி, எழுத்து வரிசைப்படி பெயர்கள். பக்கத்திலேயே பக்க எண். பருத்தி வியாபாரி பெயரைத் தேடினேன். அரை நிமிஷத்தில் கணக்கு வந்துவிட்டது.

பி.காம். படித்தவர்களுக்கு லூகா பாசியோலி என்ற பெயர் தெரிந்திருக்கும். இத்தாலியப் பாதிரியார். 1494-ல் வெனிஸ் நகரில் அவர் அச்சிட்ட கணிதப் புத்தகத்தில்தான் இரட்டைப் பதிவுக் கணக்கு முறை முதன்முதலில் விளக்கமாக அச்சேறியது. பரீட்சைக்கு நாம் மனப்பாடம் செய்தது பற்றும் வரவும்தான். ஆனால், பேரேட்டுக்குக் கட்டாயம் ஒரு இண்டெக்ஸ் வேண்டும் என்றும் மனிதர் அதில் அழுத்திச் சொல்லியிருக்கிறார். அதற்கு அவர் தரும் பெயர்களில் ஒன்று 'ட்ரோவரெல்லோ'. கண்டுபிடித்துத் தருவது என்று வைத்துக்கொள்ளலாம். எழுதி வைத்தால் மட்டும் கணக்கு ஆகாது, வேண்டும்போது அகப்படவும் வேண்டும். ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே வியாபாரிகளுக்கு இது தெரிந்திருந்தது.

தெரிந்த விஷயத்தை மறந்தால் என்ன ஆகும்? இதில் கொங்கு நாட்டுக்கே ஒரு அனுபவம் உண்டு.

காலின் மெக்கன்சி. ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பிரிவில் 1783-ல் இந்தியா வந்தார். 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். நிலத்தை அளக்க வந்தவர், போகிற ஊரிலெல்லாம் ஓலைச்சுவடி, கல்வெட்டுப் படி, செப்பேடு, காசு, கர்ணபரம்பரைக் கதை என்று வாரிச் சேர்த்தார். அவருக்கு நம் மொழிகள் தெரியாது. தேடிப் போய் வாங்கி, படித்து, மொழிபெயர்த்துக் கொடுத்தவர்கள் உள்ளூர் உதவியாளர்கள். அவர்களில் முக்கியமானவர்கள் காவலி வெங்கட போரய்யாவும், அவருக்குப் பின் தம்பி லட்சுமய்யாவும்.

முழுச் சேகரிப்புக்கும் விளக்கமான அட்டவணை ஒன்று தயாரிக்க வேண்டும் என்று மெக்கன்சிக்கு ஆசை. 1817-ல் ஒரு கடிதத்தில் எழுதியும் வைத்தார். செய்யத்தான் நேரமில்லை. 1821-ல் கல்கத்தா அருகே இறந்துபோனார். கம்பெனி அவருடைய சேகரிப்பை ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கியது. கல்வெட்டுப் படிகள் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேல். காசுகள் ஆறாயிரத்துக்கும் மேல். வாங்கிவிட்டார்கள். எதில் என்ன இருக்கிறது?

பதில் தெரிந்த ஆள் லட்சுமய்யா. வேலையைத் தொடர்ந்து செய்ய அனுமதி கேட்டார். 1830-களில் ஆசியக் கழகத்தின் கமிட்டி, அவருக்கு அந்தத் தகுதி இல்லை என்று தட்டிக்கழித்தது. உயிரோடிருந்த இண்டெக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாமென்று சொன்ன கதை இது!

அதற்கு முன்பே, 1828-ல், ஹெச்.ஹெச்.வில்சன் இரண்டு பாகங்களாக ஒரு அட்டவணையை வெளியிட்டிருந்தார். வில்சன் சமஸ்கிருத வல்லுநர். தென்னாட்டு மொழிச் சுவடிகளுக்கு, பண்டிதர்கள் எழுதித் தந்த சுருக்கங்களைத்தான் அவர் நம்ப வேண்டியிருந்தது. அதில் குறைகள் உண்டு. ஆனாலும், எந்தச் சுவடி எதைப் பற்றியது என்று வெளியுலகத்துக்குத் தெரிந்தது. தென்னாட்டுச் சுவடிகள் சென்னைக்கு வந்து சேர்ந்தன. வில்லியம் டெய்லர் என்ற பாதிரியார் அவற்றைப் பிரித்துப் பார்த்தார். பூச்சி அரித்ததும் மை மங்கியதுமாகக் கிடந்தவற்றில் பலதைப் படியெடுக்க வைத்தார். 1857 முதல் 1862 வரை மூன்று பாகங்களில் இன்னொரு அட்டவணை போட்டார்.

அந்தக் குவியலில் ஒன்றுதான் 'கொங்குதேச ராஜாக்கள்'. இரட்டர், கங்கர் தொடங்கி சோழர், ஒய்சளர், விஜயநகரம் என்று மைசூர் உடையார்கள் வரைக்கும் கொங்கை ஆண்டவர்களை வரிசையாகச் சொல்லும் தமிழ் உரைநடை. ஆரம்பப் பகுதியை ஆய்வாளர்கள் அப்படியே நம்புவதில்லை. ஆனாலும், கொங்கு வரலாற்றை எழுத உட்கார்ந்தவர்கள் அதைத் தாண்டிப் போக முடிந்ததில்லை. 1950-ல் அதைப் பதிப்பித்து அச்சில் கொண்டுவந்தவர் நம்ம கோயமுத்தூர்க்காரர், 'கோவைகிழார்' சி.எம்.ராமச்சந்திரன் செட்டியார். மெக்கன்சி இறந்து 129 வருஷம் கழித்து! இத்தனை காலமும் அது தொலைந்துபோகாமல் ஆய்வாளர் கையில் அகப்பட்டதற்குக் காரணம், யாரோ சிலர் உட்கார்ந்து ஒவ்வொரு சுவடிக்கும் எழுதி வைத்த நாலு வரிதான்.

கம்ப்யூட்டர் வந்தபின் இந்தக் கவலை தீர்ந்திருக்க வேண்டும். சரியாகப் பயன்படுத்தினால் தீரும் என்று காட்டியவர்களும் உண்டு. ஜப்பானியப் பேராசிரியர் நொபோரு கராஷிமா, நம்மூர் ஒய்.சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு கம்ப்யூட்டர் உதவியோடு ஒரு இண்டெக்ஸ் தயாரித்தார்கள். 1978-ல் மதுரையில் மூன்று பாகங்களாக வெளியானது. பர்சனல் கம்ப்யூட்டருக்கான முதல் ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராமான விசிகால்க் விற்பனைக்கு வந்ததே 1979-ல்தான்! எங்கெங்கோ சிதறிக் கிடந்த பெயர்களை ஒரே வரிசையில் பார்த்தபோது, மூவேந்தவேளான் போன்ற பட்டங்கள் எந்தக் காலத்தில், எந்த வட்டாரத்தில், எப்படிப்பட்டவர்களுக்கு இருந்தன என்று ஆராய வழி பிறந்தது. இதே சுப்பராயலுதான் 1985-ல் தொடங்கி சென்னிமலை பக்கம் கொடுமணலில் நடந்த அகழாய்விலும் முக்கியப் பங்கு வகித்தவர்.

சரி, நம்ம மில்லுக்கு வருவோம்.

கம்ப்யூட்டரிலேயே தேடும் வசதி இருக்கிறதே என்பீர்கள். தேடினோம். நீங்கள் 'பல்லடம்' என்று தேடுவீர்கள், அவர் 'பி.எல்.டி.எம்.' என்று அடித்து வைத்திருப்பார். எந்த வார்த்தையைப் போட்டார் என்று தெரிந்தால்தானே தேடல் உதவும்?

அதனால் பழைய வழிக்கே போனோம். எல்லா ஃபைல்களின் பெயரையும் கம்ப்யூட்டரே பட்டியல் போடட்டும் என்று 'டிர்' கட்டளையைக் கொடுத்தோம். ஒரு நிமிஷ வேலை. (இப்போதைய எக்ஸெல்லில், ஒரு ஃபோல்டரைக் காட்டினால் அதுவே உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர், தேதி, இருக்கும் இடம் எல்லாவற்றையும் ஷீட்டில் இறக்கிக் கொடுத்துவிடும்.) பெயர், ஃபோல்டர், கடைசியாகத் தொட்ட தேதி மூன்றும் வந்துவிட்டன. அப்புறம் மூன்று காலங்களை நாங்களே சேர்த்தோம்: உள்ளே என்ன இருக்கிறது, எந்த வருஷத்துக் கணக்கு, யார் போட்டது. அதை எந்த மெஷினும் அவருக்குப் பதிலாகச் சொல்லாது. ஒவ்வொன்றாகத் திறந்து, பார்த்து, ஒரு வரி எழுதினோம். பெயர் மேல் கிளிக் செய்தால் ஃபைல் திறக்கிற மாதிரி ஹைப்பர்லிங்க்கும் போட்டோம்.

மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் சாயங்காலம், 'புக் டூ' என்ற ஃபைலில் அந்த அம்மாவின் பெயர் இருந்தது. இருபத்து நான்கு மாதச் சம்பளம். ஒரு மாதம்கூட விடுபடவில்லை. அக்கவுன்டன்ட் அவ்வளவு சுத்தமாக எழுதி வைத்திருந்தார். இன்ன இடத்தில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதத்தான் தோன்றவில்லை.

சீட்டை வாங்கி மஞ்சள் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்ட அந்த அம்மா, "இதையுங் காணாமப் போட்டுராதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிற இண்டெக்ஸ் எவ்வளவு பெரிது என்று தெரியும். அதில் பாதியையாவது ஒரு ஷீட்டில் இறக்கி வையுங்கள். நமக்குப் பின்னால் வந்து தேடுகிறவர், யாரோ ஒருவரின் பென்ஷனுக்காகத் தேடிக்கொண்டிருக்கலாம்.