மலாக்கா நீதிமன்ற ஏடுகளில் நம் முன்னோர்

திருவிழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று ஆலய நிர்வாகக் குழுவினர் கேட்டபோது, தல வரலாறு எழுதுவதா, திருமுறைச் சிறப்பு எழுதுவதா என்று சில நாள் எண்ணிக் கொண்டிருந்தேன். அவற்றை எழுத என்னினும் தகுதியுடைய பெரியோர் நம்மிடையே உள்ளனர். கோப்புகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் காலம் கழித்த அரசு ஊழியன் என்ற முறையில் நான் அறிந்ததையே எழுதத் துணிந்தேன். நீதிமன்றப் பதிவகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் உறங்கும் பழைய ஏடுகளைப் பற்றியது இக்கட்டுரை.

ஏடுகளுக்கும் ஆலயத்துக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். ஜாசின் மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் என் தாத்தா கங்காணியாக இருந்தவர். அத்தோட்டம் துண்டாடப்பட்டுப் பலர் கைக்கு மாறி, இறுதியில் ஒரு மேம்பாட்டு நிறுவனத்தின் உடைமையாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் அங்குள்ள மாரியம்மன் கோயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. கோயில் தங்கள் நிலத்தில் இருப்பதாகவும், மூன்று மாதங்களில் அகற்றிக் கொள்ள வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. கூட்டத்தில் எல்லோரும் மனம் கலங்கியிருந்த வேளையில் எண்பது வயது கடந்த முன்னாள் தலைவர் ஒருவர், "கோயில் மனை கோர்ட்டிலே எழுதி வைத்தது, தம்பி. என் சின்ன வயதிலே அதற்காகப் பொங்கல் வைத்துப் படைத்தோம்" என்றார். எந்தக் கோர்ட்டு, எந்த ஆண்டு என்று கேட்டேன். "அவசரகாலத்திலே லயத்துச் சனங்களை எல்லாம் கம்பி வேலிக்குள்ளே கொண்டு வந்த வருஷம்" என்றார். காகிதம் ஏதும் உண்டா என்றதற்கு, இருந்தது, கறையான் தின்றுவிட்டது என்பதே விடை.

அந்தத் தேடலின் கதையைச் சொல்லுமுன், மலாக்காவின் நீதி ஏடுகள் எங்கிருந்து தொடங்குகின்றன என்பதைச் சிறிது காண்போம்.

1511ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபின், நீனா சத்து என்னும் தமிழ் வணிகரை இசுலாமியரல்லாத மக்களுக்குப் பெண்டஹாராவாக அமர்த்தினர். நம்மவர் வழக்கைத் தீர்க்கும் பொறுப்பு அன்று ஒரு தமிழரிடம் இருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். அவர் 1514ஆம் ஆண்டில் மறைந்தார். 1641இல் ஊர் டச்சுக்காரர் வசமாயிற்று. டச்சுக்காரர்கள் எதையும் எழுதி வைக்கும் இயல்பினர். நீதி மன்றம் ஒன்றும், தாய் தந்தையற்ற பிள்ளைகளின் சொத்தைக் காக்கும் மன்றம் ஒன்றும் இங்கே இயங்கின. உயில்கள், இறந்தவர் வீட்டுப் பொருட் பட்டியல்கள், கடன் பத்திரங்கள் என 1685 முதல் 1835 வரையிலான அம்மன்றங்களின் ஏடுகள் இன்று இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. மலாக்காவின் வரலாற்றை எழுத விழைவோர் அவற்றைத் தேடிச் செல்கின்றனர். நம் ஊரின் குடும்பப் பெட்டியைத் திறக்க ஏழு கடல் கடக்க வேண்டியிருப்பது ஒரு விந்தையே.

அக்காலத்தில்தான், 1781ஆம் ஆண்டில், செட்டி சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டியவர்கள் டச்சு அரசு வழங்கிய நிலத்தில் பொய்யாத விநாயகர் ஆலயத்தை எழுப்பினார். இன்று தட்டார் தெருவில் பள்ளிவாசலுக்கும் சீனர் ஆலயத்துக்கும் அருகே அது நிலைத்து நிற்கிறது. பக்தியோடு நிலத்துக்கான உரிமையும் சேர்ந்தே அதற்கு அமைந்தது என்பது கருதத்தக்கது.

முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாற்றைப் படித்தோர் ஒரு செய்தியை நினைவு கூர்வர். மலாக்காவில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலம் தொட்டு வந்த வழக்கமென்றும், கணக்குக்கும் வணிகத்துக்கும் அது பயன்பட்டதென்றும் அவர் எழுதியுள்ளார். அவரும் அவ்வாறே தமிழ் கற்றார். 1811ஆம் ஆண்டில் மிண்டோ பிரபு இங்கு வந்தபோது பழைய சித்திரவதைக் கருவிகளை எரிக்கச் செய்ததையும் அவர் குறித்துள்ளார்.

1825இல் மலாக்கா நிலையாக ஆங்கிலேயர் வசமாயிற்று. 1826 நவம்பர் 27ஆம் நாள் வழங்கப்பட்ட நீதிச் சாசனத்தால் பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா மூன்றுக்கும் ஒரே நீதிமன்றம் ஏற்பட்டது. முதலில் வந்த நீதிபதி கிளாரிட்ஜ், பயணச் செலவு பற்றி அரசோடு முரண்பட்டுப் பினாங்கை விட்டு நகர மறுத்துவிட்டார். அதனால் 1828இல் ஆளுநர் ஃபுல்லர்ட்டனே நீதிபதியின் இருக்கையில் அமர நேர்ந்தது! படிச் செலவுத் தகராறு அரசுப் பணியில் நேற்று இன்று வந்ததன்று என்பது என் போன்றோர்க்கு ஓர் ஆறுதல். 1808 முதல் 1884 வரையிலான நீரிணைக் குடியேற்ற வழக்குகளை நார்ட்டன் கைஷ் என்பவர் தொகுத்து வெளியிட்டார். அத்தொகுதிகளில் தமிழ்ப் பெயர்கள் வருகின்றன.

இத்தனை ஏடுகளிலும் செட்டிகளும் மரைக்காயர்களும் இருக்கக் காண்கிறோம். தோட்டத்துத் தொழிலாளியோ அரிதாகவே தென்படுகிறான். 1896ஆம் ஆண்டில் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்து மலாக்காவின் காடுகள் தோட்டங்களாயின. ஆயிரக்கணக்கில் நம்மவர் வந்தனர். குடியிருந்த லயமும் கும்பிட்ட கோயிலும் துரையின் நிலத்தில் இருந்தன. அவர்கள் பெயரில் காகிதம் இல்லை. 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து பேராசிரியர் உங்கு அஜீஸ் 1962இல் அறிக்கை அளித்தார். துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் இந்தத் துயரத்தைக் கண்டே.

இனித் தேடலுக்கு வருவோம். மலாக்கா 1989இல் வரலாற்று நகரமாகவும், 2003இல் மாநகரமாகவும் அறிவிக்கப்பட்டது. 2008இல் உலக மரபுரிமைத் தலமாயிற்று. ஊர் வளர வளர மனைகளின் எண்கள் மாறின, அலுவலகங்கள் இடம் பெயர்ந்தன. நீதிமன்ற வளாகம் இன்று ஆயர் குரோவில் உள்ளது. பழைய ஏடுகளைத் தேடுவோர் பதிவகத்திலும் தேசிய ஆவணக் காப்பகத்திலும், அதாவது அர்க்கிப் நெகாராவிலும், கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

உரிமை நமக்கு உண்டு. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 60ஆவது கட்டளைப்படி, உரிய கட்டணம் செலுத்தி எவரும் வழக்குத் தொடக்க ஆவணத்தையும் தீர்ப்பையும் ஆணையையும் தேடிப் பார்த்துப் படி பெறலாம். சாட்சிகளின் உறுதிமொழி போன்ற ஏனைய தாள்களுக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். பார்வையிடும் உரிமை உள்ள பொது ஆவணத்துக்கு உறுதி செய்யப்பட்ட படி தர வேண்டும் என 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 76ஆம் பிரிவு கூறுகிறது. சாதாரண ஒளிப்படி நில அலுவலகத்தில் செல்லாது. முத்திரையும் கையொப்பமும் இட்ட படியையே கேட்டுப் பெறுங்கள்.

ஆயின் உரிமை இருந்தால் மட்டும் போதாது. எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். "எங்கள் கோயில் வழக்கு" என்று கேட்டால் எழுத்தர் என்ன செய்வார்? வழக்கின் வகை, எண், ஆண்டு, வாதி பிரதிவாதி பெயர் ஆகியவை வேண்டும். முதலில் நான் தவறியது ஆண்டில். பெரியவர் சொன்ன அடையாளத்தைக் கொண்டு 1950, 1951 ஆகிய ஆண்டுகளின் பதிவேடுகளைப் புரட்டினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. வழக்கு எந்த ஆண்டில் தொடுக்கப்பட்டதோ அந்த ஆண்டில்தான் எண் பெறும். ஊரார் பொங்கல் வைத்ததோ ஆணை கிடைத்த ஆண்டில். (ஜப்பானியர் காலத்துத் தாள்களில் 2603 என்றிருந்தால் மலைக்க வேண்டா. அது அவர்கள் நாட்டு ஆண்டுக் கணக்கு. 660ஐக் கழித்தால் 1943 வரும்.)

அடுத்த இடர்ப்பாடு பெயர்கள். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். வேலு என்பவர் 'வி' வரிசையிலும் இருப்பார், 'டபிள்யூ' வரிசையிலும் இருப்பார். செட்டியார்களைப் பெயரில் தேடினால் கிடைக்கமாட்டார்கள், அவர்களது விலாச எழுத்துகளில் தேட வேண்டும். ஒருவரே ஒரு தாளில் தகப்பன் பெயரோடும் மறு தாளில் சாதிப் பெயரோடும் தோன்றுவதுண்டு. இதைத் தமிழறிந்தவரே கண்டுபிடிக்க இயலும். தமிழ்ப்பள்ளியில் நான் கற்ற ஆறாண்டுக் கல்வி எனக்கு அன்று கைகொடுத்ததுபோல் வேறெதுவும் கைகொடுத்ததில்லை.

நான்கு முறை விடுப்பெடுத்துச் சென்றபின், 1948ஆம் ஆண்டுப் பதிவேட்டில் அது அகப்பட்டது. தோட்ட உரிமையாளராயிருந்த செட்டியார் ஒருவர் இறக்கும் முன், கோயில் நின்ற அரை ஏக்கரைத் தனி மனையாகப் பிரித்துப் பொது வழிபாட்டுக்கென உயிலில் விட்டிருந்தார். அது செல்லுமா என்று உயிலை நிறைவேற்றுவோர் நீதிமன்றத்தைக் கேட்டிருந்தனர். செல்லும் என்று கூறி, மூன்று அறங்காவலரை நியமித்திருந்தது ஆணை. மூன்றாவது பெயரை முதலில் படித்துவிட்டுக் கடந்துபோனேன். பிறகு எழுத்துக் கூட்டிப் படித்தபோதுதான் தெரிந்தது, அது என் தாத்தாவின் பெயர். நீதிமன்ற அனுமதி பெற்று இணைப்புத் தாள்களைப் பார்த்தபோது, அறங்காவலராக இருக்கச் சம்மதித்து அவர் வைத்த கைநாட்டு அங்கே இருந்தது. வீட்டில் எவருக்கும் அவர் இதைச் சொன்னதில்லை.

ஆணையில் இருந்த மனை எண் இன்று வழக்கில் இல்லை. மலாக்காவிலும் பினாங்கிலும் 1966 வரை நிலம் பத்திரப் பதிவு முறையில் இருந்தது. தேசிய நிலச் சட்டத்தொகுப்பு வந்தபின் பழைய உரிமைகள் புதிய பதிவேட்டுக்கு மாற்றப்பட்டன. பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் பொருத்தி, நில அளவையாளர் எல்லைக் கல்லைத் தேடினார். கருவறையும் கொடிமரமும் அறங்காவலர் மூவர் பெயரிலேயே இன்றும் உள்ள மனையில் இருந்தன. மடைப்பள்ளியும் விழாப் பந்தலும் நிறுவனத்தின் மனையில் இருந்தன. உறுதி செய்த படியைக் கண்டபின் நிறுவனத்தார் கடிதத்தை மீட்டுக் கொண்டனர். மடைப்பள்ளியை நாங்கள் பிரித்து உள்ளே தள்ளிக் கட்டிக் கொண்டோம்.

அறங்காவலர் மூவரும் காலமாகிவிட்டமையால் புதியோரை நியமிக்க வேண்டும். பொது அறக்கட்டளை பற்றிய வழக்கைத் தொடுக்க, 1956ஆம் ஆண்டு அரசு வழக்காடல் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, அக்கறையுள்ள இருவரேனும் சட்டத்துறைத் தலைவரின் எழுத்து மூலமான ஒப்புதலைப் பெறுதல் வேண்டும். ஒப்புதல் கிடைத்து மனு இப்போது நீதிமன்றத்தில் உள்ளது. அதில் முதலாவதாகக் கையொப்பமிட்டவர், சிறு வயதில் அந்தப் பொங்கலை உண்ட அந்தப் பெரியவர்.