பொழுது சாயுமுன்: சாவகர் உணவு மரபு

ஆதிபகவனாகிய விருஷபதேவர் துறவு மேற்கொண்டபின் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் உணவு கொள்ளவில்லை என்று புராணங்கள் உரைக்கும். முதல் ஆறு திங்கள் அவரே விரும்பி ஏற்ற நோன்பு. அதன்பின் உணவு ஏற்கும் பொருட்டு ஊர்தோறும் நடந்தபோதும் ஒரு கவளமும் கிட்டவில்லை. மக்களிடம் செல்வம் இல்லாமலில்லை, அன்புக்கும் குறைவில்லை. மணியும் பொன்னும் ஆடையும், யானையும் குதிரையும் கொண்டுவந்து அவர் முன் நிறுத்தினர். துறவிக்கு எதனை, எவ்வாறு அளிப்பது என்பதை மட்டும் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

அத்தினாபுரத்து வேந்தன் சோமப்பிரபனின் இளவல் சிரேயாம்சன். விருஷபதேவரைக் கண்டதும், முற்பிறப்பில் சாரண முனிவர்க்கு உணவளித்த நினைவு அவனுக்கு எழுந்தது. உடனே கருப்பஞ்சாற்றைக் கொண்டுவந்து முறைப்படி அளித்தான். இறைவர் தம் கைகளையே கலமாக ஏந்திப் பருகினார். அந்நாளே அட்சய திருதியை எனப் போற்றப்படுகிறது. மகாபுராணத்தைத் தழுவி மணிப்பிரவாள நடையில் இயன்ற ஸ்ரீபுராணத்தின் வழியே தமிழ்ச் சமணர் இல்லங்கள் இக்கதையை வழிவழியாகக் கேட்டு வந்துள்ளன.

இக்கதையைக் கொடையின் பெருமை கூறுவதாகக் கொள்வது வழக்கம். உணவு வரலாற்றை ஆராய்வோர்க்கு இதில் மற்றொரு செய்தியும் உண்டு. நோன்புக்கு உகந்த உணவு, அரிய உணவாக இருத்தல் வேண்டா. எளிய பானம் ஒன்றே போதுமானதாயிற்று. ஆயினும் அளிப்பவர் நோன்பின் இயல்பை அறிந்து, உரிய நேரத்தில் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். தமிழகத்தில் சாவகர் உணவு மரபு நெடுங்காலம் நிலைத்து நின்றமைக்கு இவ்வறிவே அடிப்படை.

குகைகளில் உப்பும் இனிப்பும்

மதுரையை அடுத்த அழகர்மலைக் குகையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. அங்குள்ள கற்படுக்கைகளுக்குக் கொடையளித்தோர் பெயர்களை அவை தாங்கி நிற்கின்றன. உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் ஆகியோரோடு பாணித வணிகன் ஒருவனும் அவர்களுள் இடம்பெறுகிறான். பாணிதம் என்பது கருப்பஞ்சாற்றைக் காய்ச்சிய பாகு என்பர். உப்பும் இனிப்பும் விற்றவர்கள், அவ்விரண்டையும் துறக்க வல்ல முனிவர்களுக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்தார்கள் என்பது எண்ணி மகிழத்தக்கது. தேனை விலக்கிய சமயத்தார்க்குக் கரும்பின் பாகும் வெல்லமுமே இனிப்பாக அமைந்தன.

துறவறத்தின் உச்சியைச் செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்று காட்டுகிறது. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள்களும், இளையபடாரர் 30 நாள்களும் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியை அங்குள்ள நிசீதிகைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. இல்லறத்தார்க்கு அறநூல்கள் இத்தகைய நோன்பை விதிக்கவில்லை. உண்பவர் உண்ணலாம், எதனை, எப்போது, எவ்வளவு என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை அறிந்து உண்ணல் வேண்டும் என்பதே சாவகர்க்கு உரிய நெறி.

மாதரி வகுத்த உணவு

இந்நெறி சமையலறையில் எவ்வாறு நடைபெற்றது என்பதைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை காட்டுகிறது. கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் ஆயர் முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்புவித்தார். மாதரி சமண சமயத்தைச் சார்ந்தவள் அல்லள். எனினும் தன் இல்லத்துக்கு வந்தவர் சாவக நோன்பினர் என்பதை உணர்ந்தாள். அவர்கள் பகற்பொழுதிலேயே உண்பதற்கு ஏற்றவாறு, காலம் தாழ்த்தாமல் நல்ல கலங்களைக் கொடுக்குமாறு தன்னைச் சார்ந்தோரை ஏவினாள்.

அடுத்து வந்த பொருள்களின் பட்டியல் கருதத்தக்கது. பலாக்காய், வரிகளையுடைய வளைந்த வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலியரிசி, ஆயர் இல்லத்துப் பால்படு பொருள்கள் ஆகியவையே அவை. மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு ஒன்றேனும் அப்பட்டியலில் இல்லை. ஊன் இல்லை, தேனும் இல்லை. கண்ணகி வளைந்த அரிவாளால் காய்களை அரிந்தாள். ஐயை வைக்கோல் தீ மூட்டித் துணைநின்றாள். கோவலன் பனையோலைத் தவிசில் அமர்ந்து வாழைக் குருத்திலையில் உண்டான். அதுவே கண்ணகி கையால் அவன் உண்ட கடைசி உணவாயிற்று.

இற்றை ஊட்டவியல் நோக்கில் பார்த்தாலும் அவ்வுணவு குறைபாடுடையதன்று. அரிசி ஆற்றல் தரும். பாலும் தயிரும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தரும். காயும் கனியும் நார்ச்சத்தும் உயிர்ச்சத்துகளும் தரும். பயறு வகை மட்டும் அப்பட்டியலில் இல்லை. அவ்விடத்தை வடதமிழகத்துப் புன்செய் நிலங்கள் பிற்காலத்தில் நன்கு நிரப்பின.

அளவும் மருந்தும்

காஞ்சியோடு தொடர்புபடுத்தப் பெறும் சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தார் ஏற வேண்டிய 11 படிகளைக் கூறுகிறது. அவற்றுள் ஆறாவது இரவுண்ணாமை. அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. ஆறாம் படிக்குரிய அந்நோன்பைத் தமிழ்ச் சமணர் குடும்பங்கள் பிள்ளைப்பருவம் முதலே பழகும் வழக்கமாக்கிக் கொண்டன.

உண்ணும் அளவு குறித்தும் முன்னோர் வகுத்த நெறி உண்டு. ஆடவர்க்கு 32 கவளம், பெண்டிர்க்கு 28 கவளம் என்பது முழு உணவின் அளவு. அதனினும் குறைத்து உண்பது அவமோதரியம் என்னும் புறத்தவம். அடுத்துவரும் மற்றொரு தவம் இரசபரித்தியாகம். பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு ஆகிய ஆறனுள் சிலவற்றையோ அனைத்தையுமோ துறத்தல் அதன் பொருள். இன்று கடையில் தொங்கும் நொறுக்குத்தீனிப் பொட்டலத்தின் சுவை பெரும்பாலும் இவற்றுள் மூன்றால் ஆனது: எண்ணெய், உப்பு, சர்க்கரை. முன்னோர் நாளுக்கு ஒன்றாகத் துறந்து பழகியவற்றையே இக்காலப் பிள்ளைகள் ஒரே கைப்பிடியில் ஒருங்கே உண்கின்றனர்.

திருக்குறளை ஏலாசாரியர் அருளியதாகத் தமிழ்ச் சமணர் மரபு போற்றும். அதன் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' பத்துக் குறட்பாக்களை உடையது. முதல் ஏழும் உணவின் அளவு, பசி, செரிமானம் ஆகியவற்றையே வற்புறுத்த, இறுதி மூன்றே மருத்துவரை நாடுகின்றன. கணிமேதாவியாரின் ஏலாதி என்னும் நூற்பெயரும் ஒரு மருந்தின் பெயரே. ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு எனக் கூட்டுவது அதன் முறை. பொருள்கள் நல்லனவாயினும் விகிதம் தவறினால் மருந்தாகா என்பது அப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

பசும் இஞ்சியை விலக்கிய நூல்கள் உலர்ந்த சுக்கை விலக்கவில்லை. பானகத்தில் வெல்லத்தோடு சுக்கும் ஏலமும் சேர்வதைச் சாவகர் இல்லங்கள் தயக்கமின்றி ஏற்றது அதனாலேயே.

புன்செய் நிலத்துச் சிற்றுண்டி

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் பரவி, மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமையாகக் கொண்ட தமிழ்ச் சமணர்கள் பெரிதும் உழவுக்குடியினர். கேழ்வரகு, கம்பு, எள், காராமணி, பச்சைப்பயறு ஆகியவை அந்நிலங்களின் விளைவு. பின்னாளில் வந்து சேர்ந்தது வேர்க்கடலை. மணிலாக்கொட்டை என்ற பெயர் மருவி அது மல்லாட்டை ஆயிற்று. மண்ணுக்கடியில் விளைந்தாலும் அது கிழங்கன்று, விதையே, ஆதலின் விலக்கப்படவில்லை.

உழவுக்குடியினர்க்கு வேலைப்பொழுதும் கதிரவனும் ஒன்றாகவே சாய்ந்தமையால் இரவுண்ணாமை இயல்பாக நடந்தது. மாலை உணவு தாழ்த்தும் என்று தோன்றும் நாள்களில் அவித்த காராமணி, வெல்லநீரில் ஊறிய அவல், எள்ளுருண்டை, கேழ்வரகு அடை போன்றவை கைகொடுத்தன. இச்சிற்றுண்டிகளிலும் நெறி உண்டு. இரண்டாகப் பிளவுபடும் பயறு வகைகளைத் தயிரோடும் மோரோடும் சேர்த்து உண்ணார். அது துவிதளம் என விலக்கப்பட்டது. முளைவிட்ட பயற்றையும் நோன்பினர் கொள்ளார். ஊறவைத்து அவித்ததையே கொள்வர். அத்தி, ஆல், அரசு முதலிய ஐவகைக் கனிகளும் விலக்கு. நீரையும் துணியால் வடித்தே பருகுவர்.

இவை யாவும் உடல்நலத்தை முன்னிட்டு ஏற்பட்ட விதிகள் அல்ல. கண்ணுக்குப் புலனாகாத உயிர்க்கும் ஊறு செய்யலாகாது என்னும் கொல்லாமையே அவற்றின் வேர். உடல்நலம் அவ்வேரில் விளைந்த கனி. வரலாற்றை எழுதும்போது இவ்வரிசையை மாற்றலாகாது. நலத்துக்காக மட்டும் ஏற்ற பழக்கம், நலத்துக்கு வேறு வழி கிடைத்த அன்றே கைவிடப்படும்.

மாலை 4.50 மணி

கதிரவன் மறைவதற்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், முன்னரே உணவை முடிப்பது முறை. வடதமிழகத்தில் ஜூலைத் திங்களில் மாலை 6.40 அளவில் கதிரவன் மறைகிறான். நவம்பர் இறுதியில் 5.40 அளவிலேயே மறைந்துவிடுகிறான். ஆகவே கோடையில் 5.50 மணிக்குள்ளும், மழைக்காலத்தில் 4.50 மணிக்குள்ளும் உண்டாக வேண்டும். பள்ளி நாலரைக்கு முடிகிறது. அதன்பின் தனிப்பயிற்சி வகுப்பு. பெற்றோர் இருவரும் பணியிலிருந்து திரும்புமுன் இருட்டிவிடுகிறது. பசியோடு வரும் பிள்ளை வழியில் ஒரு பொட்டலத்தைப் பிரிக்கிறது. எட்டரைக்கு இரவுணவும் உண்கிறது. பல நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்ட வழக்கம் யாரும் மறுத்துரைக்காமலே, சமயச் சொற்போர் எதுவும் நிகழாமலே, ஒரு மணிநேரக் கணக்கில் தோற்றுப்போகிறது.

பிள்ளைகளைக் கடிந்து கொள்வதால் இது மீளாது. சிரேயாம்சனும் மாதரியும் காட்டிய வழி வேறு. நோன்பினர் வரும் நேரத்தை அறிந்து, உணவு முன்னதாகக் காத்திருக்க வேண்டும்.

அதற்குப் பெருமுயற்சி வேண்டா. இரவில் ஊறவைத்த பச்சைப்பயற்றையோ காராமணியையோ காலையில் அவித்துத் தேங்காய்த்துருவல் சேர்த்து வைக்கலாம். கெட்டுப்போகும் வெயில் நாளாயின் வறுத்த மல்லாட்டையும் பொட்டுக்கடலையும் சிறிது வெல்லமும் போதும். அவலும் வாழைப்பழமும் நெருப்பின்றியே உணவாகும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டு. அதன் மாவில் செய்த உருண்டை வளரும் பிள்ளைகளுக்கு ஏற்றது. தானியத்தில் குறைவான புரதக்கூறு பயற்றிலும், பயற்றில் குறைவானது தானியத்திலும் இருத்தலால் இரண்டும் ஒரே நாளில் இடம்பெறுதல் நன்று.

குளிர்பானக் கடைகளில் ஸ்மூத்தி எனப் பெயர் பெற்ற பழக்கூழ்ப் பானத்தையும் வேற்றுப்பொருளாகக் கருத வேண்டா. மாங்கனியையோ வாழைப்பழத்தையோ பாலோடு கூழாக்கினால் அதுவே கிடைக்கும். தேனும் பனிக்கூழும் சேராதிருந்தால் சாவகர்க்கும் உரியதாகும். ஒன்று மட்டும் நினைவிற்கொள்ளத்தக்கது. பழத்தைச் சாறு பிழிந்து வடித்தால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடும். உலக சுகாதார நிறுவனமும் பழச்சாற்றின் சர்க்கரையைக் குறைக்க வேண்டிய சர்க்கரையோடுதான் சேர்த்துள்ளது. வெல்லமும் அவ்வகையே. நீரிழிவுடைய பெரியோர் பானகத்தைவிட நீர்மோரை நாடுவது நலம். பயறு உண்ணும் வேளையில் அதனையும் தவிர்த்தல் நெறி. ஊன் உண்ணாதார்க்கு பி12 உயிர்ச்சத்து பெரிதும் பால்படு பொருள்களிலிருந்தே கிடைப்பதால், அவற்றை அறவே விட்டவர் மருத்துவரைக் கலந்துகொள்ளல் வேண்டும்.

ஒரு சிறு எவர்சில்வர் டப்பாவில் அடங்கும் இவ்வுணவு, பள்ளி விட்டதும் உண்ணப்படுமாயின், பிள்ளை இருட்டியபின் வீடு வந்தாலும் பசி வாட்டாது. நாள்தோறும் இயலாத குடும்பங்கள் அட்டமி, சதுர்த்தசி ஆகிய நாள்களிலேனும் தொடங்கலாம். திங்களுக்கு நான்கு நாள்கள் அவை. ஆயர் குலத்து மாதரி தன் விருந்தினரின் நோன்பைத் தன் நோன்பாக எண்ணிக் கலங்களைத் தேடினாள். சாவகர் இல்லத்துப் பெற்றோர் தம் மக்களுக்காக அதனைச் செய்தல் அரிதன்று. அறம் வளர்க.