ஞாயிறு மூடிய கதவு: நியூயார்க் மாநில பேஸ்பாலும் விடுமுறை நாட்களும்

நியூயார்க் மாநிலத்தின் பேஸ்பால் வரலாற்றில் நினைவில் நிற்கும் நாட்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால், அவற்றுள் பல மூன்றே இடங்களில் குவிகின்றன: போரில் மாண்டோரை நினைவுகூரும் மே 30, சுதந்திர தினமான ஜூலை 4, செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினம். பேஸ்பால் அமெரிக்காவின் தேசிய ஆட்டம், ஆகவே தேசிய நாட்களில் அது களைகட்டுகிறது என்று இதற்கு விளக்கம் சொல்வது வழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆட்ட அட்டவணைகளையும் அன்றைய சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தெரிவது வேறு. விடுமுறை நாளைப் பேஸ்பாலின் பெருநாளாக்கியது தேசப்பற்று அல்ல, ஞாயிற்றுக்கிழமைத் தடைச் சட்டம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கில் ஞாயிறன்று பொது விளையாட்டுகள் நடத்துவது குற்றம். கிறித்தவ ஓய்வுநாளின் புனிதம் கெடக் கூடாது என்பது சட்டத்தின் நோக்கம். தொழிலாளிக்கோ வாரத்தில் ஆறு நாள் வேலை. மைதானங்களில் மின்விளக்கு கிடையாது; பிற்பகலில் தொடங்கும் ஆட்டம் இருட்டுவதற்குள் முடிந்தாக வேண்டும். ஆக, சாதாரண நாளில் வந்து உட்கார முடிந்தவர்கள் வணிகர்கள், பங்குத் தரகர்கள், வேலைக்கு மட்டம் போட்டவர்கள். ஆலைக்கும் துறைமுகத்துக்கும் போகிறவர்களுக்கு எஞ்சியவை அரசு விடுமுறைகள்தாம். அவையும் அப்போது புதியவை. மே 30ஐ முதன்முதலில் அரசு விடுமுறையாக்கிய மாநிலம் நியூயார்க், ஆண்டு 1873. தொழிலாளர் தினத்துக்கான முதல் ஊர்வலம் 1882இல் நியூயார்க் நகரத் தெருக்களில் நடந்தது. 1887இல் மாநிலம் அதை விடுமுறையாக ஏற்றது.

தீபாவளிக்குப் படம் வெளியிடக் காத்திருக்கும் தயாரிப்பாளரைப் போல, அணி முதலாளிகள் இந்த நாட்களைக் குறிவைத்தார்கள். ஒரே நாளில் இரண்டு ஆட்டம். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. காலைக் கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, பிற்பகல் ஆட்டத்துக்குத் தனியாக டிக்கெட் விற்பார்கள்.

இந்த ஆசை எதுவரை போனது என்பதற்குப் புரூக்ளின் சாட்சி. அன்று அது நியூயார்க் நகரத்துடன் இணையாத தனி நகரம். 1890இல் ஆட்டக்காரர்கள் முதலாளிகளை எதிர்த்துப் பிரிந்து தனி லீக் தொடங்கியிருந்தார்கள். பார்வையாளர்கள் சிதறிப் போயிருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1, தொழிலாளர் தினத்தன்று, புரூக்ளின் அணி பிட்ஸ்பர்க்குடன் ஒரே நாளில் மூன்று ஆட்டங்கள் ஆடியது. காலையில் ஒன்று, பிற்பகலில் இரண்டு. 10–9, 3–2, 8–4 என்று மூன்றிலும் புரூக்ளினுக்கே வெற்றி. பெரிய லீக்குகளில் ஒரே நாளில் மும்முறை ஆடியது அதுவே முதல் தடவை. பிட்ஸ்பர்க் அந்தப் பருவத்தில் 113 ஆட்டங்களில் தோற்ற அணி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சாதனை என்பதைவிட வசூல் கணக்கு என்பதே பொருந்தும்.

என் வாதத்துக்கு வலுவான சான்றுகள் இரண்டும் 1908இல் கிடைக்கின்றன. முதலாவது ஜூலை 4. மன்ஹாட்டனின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில், மேலே சொன்ன வகையான விடுமுறைக் காலை ஆட்டம். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காகப் பந்தெறிந்தவர் இடக்கை வீரர் ஹூக்ஸ் வில்ட்ஸே, எதிரே பிலடெல்பியா. ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட். அதுவரை வந்த 26 பேரில் ஒருவர்கூட முதல் பேஸில் கால் வைக்கவில்லை. 27ஆவதாக வந்தவர் எதிரணியின் பிட்சர் ஜார்ஜ் மெக்குயிலன். பிட்சர்கள் பொதுவாக மட்டை பிடிப்பதில் சோடை. இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தாயிற்று. அடுத்த பந்தும் ஸ்ட்ரைக் என்றே வில்ட்ஸே நம்பினார். நடுவர் சை ரிக்லர் ‘பால்’ என்றார். அதற்கடுத்த பந்து மெக்குயிலனின் உடம்பில் பட்டது. விதிப்படி அவர் முதல் பேஸுக்கு நடந்தார். ஒருவரைக்கூட பேஸ் ஏற விடாத ‘பெர்ஃபெக்ட் கேம்’ அந்த இடத்தில் உடைந்தது. ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போய் ஜயன்ட்ஸ் 1–0 என வென்றது; ஒரு ஹிட்டும் கொடுக்காத பெருமை மட்டும் வில்ட்ஸேக்கு மிஞ்சியது. தான் தவறிவிட்டதாக ரிக்லர் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது சான்று இன்னும் நேரடியானது. அதே ஆண்டு செப்டம்பரில், இன்றைய யாங்கீஸின் முன்னோடியான ஹைலாண்டர்ஸ் அணியுடன் ஆட, வாஷிங்டன் அணி நியூயார்க்கின் ஹில்டாப் பார்க் மைதானத்துக்கு வந்தது. இருபது வயது வால்டர் ஜான்சன் வெள்ளிக்கிழமை பந்தெறிந்து 3–0 என வென்றார். சனிக்கிழமை மறுபடியும் எறிந்து 6–0. தொழிலாளர் தினமான திங்களன்று மூன்றாவது முறையாக எறிந்து 4–0. நான்கு நாட்களில் மூன்று ஆட்டம். எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. ஹிட்டுகளோ ஆறு, நான்கு, இரண்டு எனக் குறைந்துகொண்டே வந்தன. ஜான்சனின் தோள்வலிமையைப் பாடாத பேஸ்பால் நூல் இல்லை. ஆனால் இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமையைப் பலரும் போகிற போக்கில் கடந்துவிடுகிறார்கள். அன்று அந்தத் தோளுக்கு ஓய்வு கொடுத்தது நியூயார்க் மாநிலச் சட்டம். சட்டம் இல்லையென்றால் ஞாயிறன்றும் ஆட்டம் நடந்திருக்கும். ஜான்சனின் திங்கட்கிழமை இப்படி அமைந்திருக்குமா என்பது சந்தேகமே.

தடையைச் சுற்றிப் போகும் முயற்சிகளும் நடந்தன. 1904இல் புரூக்ளின் நிர்வாகம் ஞாயிறன்று நுழைவு இலவசம் என்று அறிவித்துவிட்டு, உள்ளே போகிறவர் ஸ்கோர் அட்டையை விலை கொடுத்து வாங்க வேண்டும் என்றது. காவல்துறை ஏமாறவில்லை. 1917 ஆகஸ்டில், படைப்பிரிவு ஒன்றின் நிதிக்காகப் போலோ கிரவுண்ட்ஸில் ஞாயிறு ஆட்டம் நடத்தியதற்காக ஜயன்ட்ஸ் மேலாளர் ஜான் மெக்ராவும் சின்சினாட்டி மேலாளர் கிறிஸ்டி மாத்யூசனும் வழக்கில் சிக்கினார்கள். நீதிபதி பிரான்சிஸ் மெக்வேட் இருவரையும் விடுவித்தார். இரண்டே ஆண்டுகளில் அதே மெக்வேட் ஜயன்ட்ஸ் அணியின் பங்குதாரராகவும் பொருளாளராகவும் ஆனதை வாசகர் தம் விருப்பப்படி பொருள்கொள்ளலாம். கடைசியில் மாநில செனட்டர் ஜிம்மி வாக்கர் கொண்டுவந்த மசோதாவில் ஆளுநர் ஆல் ஸ்மித் 1919 ஏப்ரலில் கையெழுத்திட, மே 4 அன்று நியூயார்க்கில் சட்டப்படியான முதல் ஞாயிறு ஆட்டங்கள் நடந்தன.

ஞாயிறு திறந்தபின் விடுமுறை நாளின் மவுசு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, பழக்கம் வேரூன்றிவிட்டது, 1923இல் திறந்த யாங்கீ ஸ்டேடியம் அதற்கு இடமும் கொடுத்தது. 1938 மே 30 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸுடன் நடந்த இரட்டை ஆட்டத்துக்கு 81,841 பேர் பணம் கட்டி வந்தார்கள். யாங்கீஸின் ஜேக் பவலும் பாஸ்டனின் ஜோ குரோனினும் மைதானத்தில் கைகலந்து, வெளியேற்றப்பட்ட பிறகு பார்வையாளர் மாடத்துக்கு அடியிலும் அதைத் தொடர்ந்தார்கள். அந்த ஸ்டேடியம் பேஸ்பாலுக்குக் கண்ட மிகப் பெரிய கூட்டங்களுள் ஒன்று அது. ஆனால் அந்த நாளை இன்று யாரும் நினைப்பதில்லை. அடுத்த ஆண்டு ஜூலை 4இல் வந்தவர்கள் 61,808 பேர்தான். அதை மறந்தவர் இல்லை.

லூ கெரிக் 2,130 ஆட்டங்கள் இடைவிடாமல் ஆடி, 1939 மே 2 அன்று தாமாகவே ஒதுங்கிக்கொண்டவர். ஜூன் 19, அவருடைய 36ஆவது பிறந்தநாளில், தசைகளை இயக்கும் நரம்புகள் அழிந்துபோகும் ஏ.எல்.எஸ். நோய் என மாயோ மருத்துவமனை உறுதிசெய்தது. அவரைக் கௌரவிக்கும் விழா ஏன் ஜூலை 4இல் வைக்கப்பட்டது என்ற கேள்விக்கு விடை இரட்டை ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கூட்டம் எப்படியும் வரும். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே இடைவெளியும் இருக்கும். வாஷிங்டனிடம் முதல் ஆட்டத்தை 3–2 எனத் தோற்றபின், அந்த இடைவெளியில் 1927ஆம் ஆண்டு அணியின் பழைய தோழர்கள் வரிசையில் நின்றார்கள். மேயர் லா கார்டியா பேசினார். எதிர் முகாமான ஜயன்ட்ஸ் நிர்வாகம் பரிசு அனுப்பியிருந்தது. மைதானப் பணியாளர்களும் கொடுத்தார்கள். மேலாளர் ஜோ மெக்கார்த்தி தந்த கோப்பையைக் கையில் தாங்க முடியாமல் கெரிக் தரையில் வைத்தார். பேச மாட்டார் என்று அறிவிக்கப்பட்ட பிறகு, கூட்டத்தின் குரலுக்கு இணங்கி ஒலிபெருக்கியின் முன் வந்தார். அவருடைய 4ஆம் எண் இனி யாருக்கும் இல்லை என்றானது. பெரிய லீக்குகளில் ஒரு வீரரின் எண் இப்படி ஒதுக்கிவைக்கப்பட்டது அதுவே முதல் முறை. இரண்டாவது ஆட்டத்தை யாங்கீஸ் 11–1 என வென்றதைச் சொல்லுவோர் குறைவு.

அந்தப் பேச்சின் முழுப்பதிவு எதுவும் இல்லை. செய்திப்படங்களில் எஞ்சியவை சில வாக்கியங்களே. உலகிலேயே அதிர்ஷ்டசாலி தாம்தான் என்று கெரிக் சொன்னது பேச்சின் தொடக்கத்தில். 1942இல் கேரி கூப்பர் நடித்த திரைப்படம் அதை இறுதிக்கு நகர்த்தியது. பலர் மனத்தில் பதிந்திருப்பது அந்த வரிசைதான். எந்த விடுமுறை நாள் நினைவில் தங்கும் என்பதைக் கூட்டத்தின் எண்ணிக்கையைவிடச் செய்திப்படமும் சினிமாவும் தீர்மானித்தன என்று கொள்ள இது இடம் தருகிறது.

போருக்குப் பிந்தைய காலத்தில் மூன்று மே மாத நாட்களைச் சொல்லலாம். 1956 மே 30 அன்று மிக்கி மேன்டில் அடித்த பந்து யாங்கீ ஸ்டேடியத்தின் கூரை விளிம்பில் மோதித் திரும்பியது. இன்னும் ஒன்றரை அடி மேலே போயிருந்தால் ஸ்டேடியத்தையே தாண்டியிருக்கும். 1962இல் அதே தேதியில், புரூக்ளினைக் கைவிட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போன டாட்ஜர்ஸ் அணி முதன்முறையாக நியூயார்க் திரும்பியது. புதிய மெட்ஸ் அணியின் அந்த இரட்டை ஆட்டத்துக்கு 55,704 பேர். டாட்ஜர்ஸின் கோஃபாக்ஸ் பந்தெறிந்த முதலாவதில் 13–6, அடுத்ததில் 6–5; இரண்டிலும் டாட்ஜர்ஸ். விட்டுப்போனவர்களைப் பார்க்கக் கூட்டம் வந்தது கோபத்திலா பாசத்திலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 1964 மே 31, நினைவு நாளை ஒட்டிய ஞாயிறு, மெட்ஸின் ஷே ஸ்டேடியத்தில் இரட்டை ஆட்டத்தின் இரண்டாவது மட்டும் 23 இன்னிங்ஸ், 7 மணி 23 நிமிடம் நீண்டது. எதிரணியின் வில்லி மேஸ் தம் வழக்கமான இடத்தை விட்டு ஷார்ட்ஸ்டாப்பில் நின்று ஆட வேண்டியதாயிற்று. அறுபது ஆண்டுக்கு முன்பானால் அந்த நாளில் அப்படி ஓர் ஆட்டத்தைத் தொடங்கியிருக்கவே முடியாது.

இதற்கிடையில் பழைய அமைப்பின் தூண்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. இரவு ஆட்டம் 1938 ஜூனிலேயே புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டுக்கு வந்துவிட்டது; உழைப்பவர் மாலையில் வரலாம் என்றான பிறகு விடுமுறைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தொலைக்காட்சி வந்தது. ஐந்து நாள் வேலைவாரம் வந்தது. 1971 முதல் நினைவு நாள் மே மாதக் கடைசித் திங்களுக்கு மாறியது. ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு ஆட்டம் காட்டுவதில் முதலாளிகளுக்கும் ஆர்வம் போயிற்று.

1983 ஜூலை 4 அன்று யாங்கீ ஸ்டேடியத்தில் நடந்தது ஒரே ஆட்டம். டேவ் ரிகெட்டி பாஸ்டனுக்கு ஒரு ஹிட்டும் கொடுக்காமல் 4–0 என வென்றார். கடைசியாக ஸ்ட்ரைக் அவுட் ஆனவர், அந்த ஆண்டின் பேட்டிங் பட்டத்தை வெல்லப்போகும் வேட் பாக்ஸ். 1956 உலகத் தொடரில் டான் லார்சன் ஆடியதற்குப் பின் யாங்கீஸ் பிட்சர் ஒருவரின் முதல் ‘நோ-ஹிட்டர்’. ஆனால் இதையும் கெரிக்கின் நாளையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. கெரிக்கின் ஜூலை 4ஐ உருவாக்கியது விடுமுறையின் அமைப்பு; ரிகெட்டியின் ஆட்டம் விடுமுறை நாளில் வந்து விழுந்தது, அவ்வளவே. வேறு எந்தத் தேதியிலும் அது நடந்திருக்கலாம். 2021இல் பெரிய லீக்குகள் ஆண்டுதோறும் கொண்டாடும் லூ கெரிக் நாளை ஏற்படுத்தியபோதும் ஜூலை 4ஐத் தேர்ந்தெடுக்கவில்லை. 1925இல் அவர் முதல் பேஸில் நிலையான இடம் பிடித்ததும், 1941இல் அவர் இறந்ததும் ஜூன் 2. அந்தத் தேதியையே எடுத்துக்கொண்டார்கள்.