பட்டுக்கோட்டை வட்டாரமும் சுரங்கத் திட்டங்களும்

மேலே நெல்லும் தென்னையும் விளைய, அடியில் நிலக்கரியும் எரிவாயுவும் கிடக்கும் பூமி தஞ்சைப் படுகை. அதன் கடைமடையில் இருக்கிறது பட்டுக்கோட்டை. 1934இல் மேட்டூர் அணையோடு கல்லணைக் கால்வாயும் வந்த பிறகே இங்கு காவிரி எட்டிப்பார்த்தது. ஊர்க்காரர்களுக்கு அது இன்றும் ‘புது ஆறு’தான். கடைமடைக்குத் தண்ணீர் குறையும்போதெல்லாம் போர் போட்டுத்தான் பயிரைக் காப்பாற்ற வேண்டும். இந்தப் பக்கத்துச் சுரங்க எதிர்ப்பு முழுக்க நிலத்தடி நீரைச் சுற்றியே நடந்ததற்குக் காரணம் இதுதான்.

2010இல் மன்னார்குடிப் பகுதியில் மீத்தேன் எடுக்கும் உரிமையை மத்திய அரசு கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு அளித்தது. 2011 ஜனவரியில் மாநில அரசும் அதனுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. நிலக்கரியில் ஒட்டியிருக்கும் மீத்தேன் வெளிவர, முதலில் அந்த அடுக்கிலுள்ள நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு மோட்டாரைக் கீழே இறக்கிக்கொண்டிருந்த விவசாயிக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அதை ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர்களில் முதன்மையானவர் இளங்காட்டில் பிறந்த வேளாண் பட்டதாரி கோ. நம்மாழ்வார். 75 வயதில், அந்தப் பிரசாரத்தின் நடுவே, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் அவர் உயிர் பிரிந்தது. அந்த ஜூலையிலேயே நிறுத்திவைக்கப்பட்டிருந்த திட்டத்துக்கு 2015 அக்டோபரில் மாநில அரசு தடை விதித்தது.

ஒடிசாவின் நியம்கிரியில் டோங்கிரியா கோண்டு மக்களின் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்ததும் அதே 2013இல்தான். வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்றமும் அவர்களுக்குத் துணை நின்றன. அப்படியொரு சட்டம் படுகை விவசாயிக்கு அன்று இல்லை. போராட்டப் பந்தல் போட்டு உட்காருவது ஒன்றே வழி.

2017 பிப்ரவரி 15 அன்று எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மறுநாளே, அத்திட்டத்தில் இடம்பெற்ற புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல் எதிர்த்துத் திரண்டது. ஆற்றுப் பாசனம் இல்லாமல், போர்த் தண்ணீரிலேயே வாழையும் கடலையும் பலாவும் எடுக்கும் ஊர் அது. ஏப்ரலில் தொடங்கிய போராட்டத்தின் இரண்டாம் கட்டம் 174 நாள் நீடித்தது. வேலைவெட்டியை விட்டுப் பெண்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். இதற்கிடையே ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் கசிந்து வயலில் எண்ணெய் படர்ந்தது. பேச்சில் இருந்த பயம் அன்று கண்ணெதிரே கறுப்பாகத் தேங்கி நின்றது.

2020 பிப்ரவரி 20 அன்று சட்டப்பேரவை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. மண்டலத்துக்குள் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்க அது தடை போட்டது. காவிரி பாயும் கரூர், திருச்சி, அரியலூர் மாவட்டங்களை வெளியே விட்டது பெரிய குறை.

சட்டம் இருந்தும் 2023 மார்ச் இறுதியில் மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் தஞ்சை மாவட்டத்து வடசேரி இடம்பெற்றது. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்து ஊர். வேளாண் மண்டலத்துக்குள் இருப்பதைச் சுட்டி முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு எழுத, ஏப்ரல் 8 அன்று வடசேரியும் அதே பட்டியலில் இருந்த மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்குப் பகுதி ஆகியவையும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. 2020க்கு முன்பே தோண்டிய எண்ணெய்க் கிணறுகளைச் சட்டம் தொடவில்லை. திருவாரூர்ப் பக்கம் நடவு வயல்களுக்கு நடுவே அவை இன்னும் இருக்கின்றன.