மருதகாசி பாடல்களின் உரிமை

அ. மருதகாசி (1920–1989) தமிழ்த் திரைப்படப் பாடலாசிரியர். பிறந்த ஊர் மேலக்குடிகாடு. அன்று திருச்சி மாவட்டத்தில் இருந்த அவ்வூர் 1995இல் பெரம்பலூர் மாவட்டத்துக்கும், பின்னர் அதிலிருந்து பிரிந்த அரியலூர் மாவட்டத்துக்கும் போனது. அரியலூர் தனி மாவட்டமாக நிலைபெற்ற 2007ஆம் ஆண்டில்தான் அவருடைய பாடல்களும் நாட்டுடைமையாயின. நாட்டுடைமை என்பது அரசே வாங்குபவராக நிற்கும் ஓர் உரிமை விற்பனை. வாரிசுகளுக்கு ஒருமுறை பரிவுத்தொகை கிடைக்கும்; அதன்பின் யாரும் அனுமதி கேட்காமல் வரிகளை அச்சிடலாம். பாரதியின் பாடல்களை 1949இல் சென்னை அரசு ஏற்றது இதற்கு முன்னோடி. அதற்குமுன் அவற்றின் இசைத்தட்டு உரிமை படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தது.

உரிமையை விற்பவர் இழப்பது வருங்கால வருமானத்தை மட்டுமல்ல. யார், எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் அதிகாரமும் போகிறது. விலை பேசிய பிறகு பாட்டு எவ்வளவு புகழ் பெற்றாலும் கூடுதலாக ஒரு காசு வராது. பெயர் மட்டும் போகாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, விற்ற பிறகும் இது தன் படைப்பு என்று கோரலாம். பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால் தடுக்கலாம்.

மருதகாசியின் காலத்தில் திரைப்பாட்டுக்குக் கூலி ஒரே தொகைதான். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆயிரக்கணக்கில் எழுதியவரிடம் பேரம் பேச எதுவும் மிச்சமில்லை என்பது பெரிய அநியாயம். திரையரங்குக்கு வெளியே வரும் வருமானத்தில் சரிபாதியைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் விட்டுக்கொடுக்கவே முடியாது என்ற திருத்தம் 2012இல்தான் வந்தது. அவர் இறந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாட்டுடைமைக்கும் எல்லை உண்டு. ‘மக்களைப் பெற்ற மகராசி’ (1957) படத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாடிய ‘மணப்பாறை மாடு கட்டி’ பாட்டின் வரிகளை அரியலூர்ப் பதிப்பகம் ஒன்று நூலில் சேர்க்கலாம். ஒலிப்பதிவின் 60 ஆண்டுக் காலமும் 2017 முடிவில் தீர்ந்துவிட்டது. கல்யாண வீட்டில் அதை ஒலிக்கவிடவும் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் உர விளம்பரத்துக்கு அந்த மெட்டை எடுத்தால் கதை வேறு: இசையமைத்த கே.வி. மகாதேவன் 2001இல் மறைந்ததால் மெட்டின் பதிப்புரிமை 2061 முடியும்வரை நீடிக்கிறது.