கார்த்தி செல்வத்துக்கு இந்திய ஹாக்கி அணியில் இடம் உண்டா, இல்லையா? கோவில்பட்டி ரசிகர்களின் ஓயாத விவாதமும் தேர்வுக் கணக்கும்

இந்திய ஹாக்கி அணி அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் கோவில்பட்டியில் ஒரே கேள்விதான் முதலில் வரும்: "கார்த்தி பேர் இருக்கா?" இருந்தால், "ஆரம்பத்திலேயே இறக்குவாங்களா?" என்பது அடுத்த கேள்வி. இல்லையென்றால், "ஏன் எடுக்கலை?" என்று வாதம் ஆரம்பித்துவிடும். சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபியில் கோல் போட்ட வீரர், அடுத்த சில வாரங்களில் அறிவிக்கப்பட்ட ஆசிய விளையாட்டுப் போட்டி அணியில் இல்லாமல் போனதிலிருந்து இந்த விவாதம் ஓயவே இல்லை.

ரசிகர்கள் சொல்வதில் எது சரி? ஹாக்கியில் ஒரு வீரரைத் தேர்வு செய்வது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த கார்த்தி செல்வம்?

கார்த்தி செல்வத்தின் சொந்த ஊர் அரியலூர். ஆனால் ஹாக்கி வீரராக அவரை வளர்த்தது கோவில்பட்டியில் உள்ள தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதி. அதனால் 'கோவில்பட்டி பையன்' என்றே ஊர் அவரைச் சொந்தம் கொண்டாடுகிறது. அவர் ஆடும் இடம் முன்கள வீரர், அதாவது ஃபார்வர்டு.

2022 மே மாதம் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில், புதுமுகங்கள் நிறைந்த இந்திய அணியில் கார்த்தி இடம்பிடித்தார். அதே அணியில் கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும் இருந்தார். ஒரே விடுதியிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பேர்!

பாகிஸ்தானுக்கு எதிரான முதல் போட்டியின் 9-வது நிமிடத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். அந்த ஆட்டம் 1-1 என டிரா ஆனது. தென்கொரியாவுடன் 4-4 என முடிந்த போட்டியில் மாரீஸ்வரனும் ஒரு கோல் போட்டார். இந்தியா வெண்கலம் வென்று திரும்பியது.

விவாதம் எங்கே தொடங்கியது?

2023 ஆகஸ்ட். சென்னை எழும்பூரில் உள்ள மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி. இந்திய அணியில் இருந்த ஒரே தமிழ்நாட்டு வீரர் கார்த்தி. லீக் சுற்றில் மலேசியாவை 5-0 என வீழ்த்தியபோது முதல் கோல் அவருடையது. ஜப்பானை 5-0 என வென்ற அரையிறுதியிலும் ஒரு கோல் போட்டார். இறுதிப்போட்டியில் 1-3 எனப் பின்தங்கியிருந்த இந்தியா, கடைசியில் 4-3 என மலேசியாவை வென்று கோப்பையைத் தூக்கியது.

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான 18 பேர் கொண்ட அணி வெளியானது. அதில் கார்த்தி பெயர் இல்லை.

"இடம் கொடுத்திருக்கணும்" என்பவர்கள் சொல்வது என்ன?

இந்தத் தரப்பினர் முதலில் எடுத்துக் காட்டுவது கோல்களைத்தான். சென்னையில் போட்டது மட்டும் இல்லை. 2022 நவம்பரில் புவனேஸ்வரில் நடந்த புரோ லீக்கில் நியூசிலாந்தை இந்தியா 7-4 என வென்றபோது கார்த்தி 2 கோல் அடித்தார். 2023 மார்ச்சில் ரூர்கேலாவில் ஜெர்மனியை 6-3 என வென்றபோதும் 2 கோல். அதே தொடரில் ஆஸ்திரேலியாவை 5-4 என வென்ற ஆட்டத்தில் ஒரு கோல். அந்த ஜெர்மனி, இரண்டு மாதங்களுக்கு முன்புதான் உலகக் கோப்பையை வென்றிருந்தது.

"சின்ன டீம்கிட்ட மட்டும் கோல் போடுற ஆள் இல்லையே, உலக சாம்பியன்கிட்டயே போட்டிருக்கானே" என்பது இவர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

"தேர்வாளர்கள் முடிவு சரிதான்" என்பவர்கள் சொல்வது என்ன?

இந்தத் தரப்பு முடிவைக் காட்டி வாதாடுகிறது. ஹாங்சோவில் இந்தியா 7 போட்டிகளில் 68 கோல் போட்டு, இறுதியில் ஜப்பானை 5-1 என வென்று தங்கம் வாங்கியது. பாரிஸ் ஒலிம்பிக்கிற்கும் நேரடியாகத் தகுதி பெற்றது. 2024 ஆகஸ்ட்டில் பாரிஸில் ஸ்பெயினை 2-1 என வென்று வெண்கலமும் கிடைத்தது.

ஹாங்சோவுக்குத் தேர்வான முன்கள வீரர்கள் அபிஷேக், குர்ஜந்த் சிங், மன்தீப் சிங், சுக்ஜீத் சிங், லலித் உபாத்யாய் ஆகிய 5 பேர். இவர்களில் குர்ஜந்த், மன்தீப், லலித் மூவரும் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர்கள். "அனுபவத்தை விட்டுட்டு ரிஸ்க் எடுக்க முடியுமா?" என்கிறார்கள் இவர்கள்.

'தமிழ்நாட்டு வீரர் என்பதால் ஒதுக்கினார்கள்' என்பது உண்மையா?

சமூக ஊடகங்களில் அதிகம் பரவிய குற்றச்சாட்டு இதுதான். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சென்னை இறுதிப்போட்டியின் 56-வது நிமிடத்தில் வெற்றி கோலைப் போட்டவர் பஞ்சாப்பைச் சேர்ந்த ஆகாஷ்தீப் சிங். அவர் அனுபவம் மிக்க முன்கள வீரர். ஹாங்சோ அணியில் அவருக்கும் இடம் கிடைக்கவில்லை.

கோப்பையை வென்று கொடுத்த கோலைப் போட்டவரே வெளியே இருக்கும்போது, கார்த்தி விஷயத்தில் மட்டும் மாநிலப் பாகுபாடு என்று சொல்வது எடுபடாது. அப்படியானால் வேறு என்ன கணக்கு? அதைப் புரிந்துகொள்ள, கிரிக்கெட் பார்க்கும் கண்ணைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஹாக்கியில் 'பிளேயிங் லெவன்' ஏன் பெரிய விஷயம் இல்லை?

2023 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியில் அஸ்வினை உட்கார வைத்தது ஞாபகம் இருக்கலாம். கிரிக்கெட்டில் 11 பேரில் பெயர் இல்லையென்றால் பேட்டிங்கும் கிடையாது, பவுலிங்கும் கிடையாது. அதனால் 'லெவன்' என்பதே எல்லாம்.

ஹாக்கியில் அப்படி இல்லை. களத்தில் ஒரு நேரத்தில் 11 பேர்தான் ஆட முடியும். ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். வெளியே வந்தவர் திரும்பவும் உள்ளே போகலாம். இதற்காக ஆட்டத்தை நிறுத்த வேண்டியதும் இல்லை. பெனால்டி கார்னர் நடக்கும்போது மட்டும் மாற்ற முடியாது. அதிலும், தற்காக்கும் அணியின் கோல் கீப்பர் காயம்பட்டால் விதிவிலக்கு உண்டு.

ஆட்டம் தலா 15 நிமிடம் கொண்ட 4 கால்பகுதிகள். ஓட்டம் அதிகம் என்பதால் முன்கள வீரர்களை அடிக்கடி வெளியே எடுத்து, மூச்சு வாங்கவிட்டு, மறுபடியும் இறக்குவார்கள். விசில் அடிக்கும்போது பெஞ்சில் இருப்பவர் சில நிமிடங்களில் களத்தில் இருப்பார். கடைசி 5 நிமிடத்தில் யார் களத்தில் நிற்கிறார் என்பது, முதல் நிமிடத்தில் யார் நின்றார் என்பதைவிட முக்கியமாகக்கூட இருக்கலாம்.

ஆக, "ஆரம்பத்திலேயே இறக்கணுமா?" என்ற கேள்வியைவிட, "அந்த 18 பேருக்குள் வரணுமா?" என்பதே ஹாக்கியில் உண்மையான போட்டி.

5 நாற்காலி கணக்கு

ஹாங்சோ அணியின் 18 பேரை இப்படிப் பிரித்தார்கள்:

• கோல் கீப்பர்கள் – 2
• தற்காப்பு வீரர்கள் – 6
• நடுக்கள வீரர்கள் – 5
• முன்கள வீரர்கள் – 5

ஒலிம்பிக் என்றால் இன்னும் நெருக்கடி. பாரிஸுக்குப் போன முதன்மை அணியில் 16 பேர்தான். கூடுதலாக 3 மாற்று வீரர்கள். முதன்மை அணியில் கோல் கீப்பர் ஒருவர், மற்ற மூன்று வரிசையிலும் தலா 5 பேர். ஹாங்சோவுக்குப் போன அதே 5 முன்கள வீரர்கள்தான் பாரிஸுக்கும் போனார்கள். நாடு முழுவதும் இருக்கும் முன்கள வீரர்கள் இந்த 5 நாற்காலிக்குத்தான் மோதுகிறார்கள். ஒருவர் உட்கார்ந்துவிட்டால், எழுப்புவது லேசு இல்லை.

கோல் போட்டால் போதாதா?

போதாது. 2023-ல் தலைமைப் பயிற்சியாளராக வந்த தென்னாப்பிரிக்காவின் கிரெய்க் ஃபுல்டன், தற்காப்பை முதலில் உறுதி செய்து அதிலிருந்து வெற்றியைத் தேடும் பாணிக்குப் பெயர் பெற்றவர். இந்தப் பாணியில் முன்கள வீரரின் வேலை எதிரணி கோல் பக்கம் நிற்பது மட்டும் அல்ல.

எதிரணியின் தற்காப்பு வீரரிடம் பந்து இருக்கும்போது, அவர் நிதானமாகப் பார்த்து பாஸ் கொடுக்க முடியாதபடி நெருக்க வேண்டும். இதைத்தான் 'பிரஸ்ஸிங்' என்கிறார்கள். பந்து பறிபோனால் உடனே பின்னால் ஓடி வர வேண்டும். ஒருவர் அரை விநாடி தாமதித்தால்கூட எதிரணிக்கு வழி திறந்துவிடும்.

இன்னொரு வேலை, பெனால்டி கார்னர் வாங்கிக் கொடுப்பது. 'டி' வட்டத்துக்குள் புகுந்து, எதிரணி வீரரின் காலில் பந்து படும்படி செய்தாலே பெனால்டி கார்னர் கிடைக்கும். அடிப்பதற்கு ஹர்மன்பிரீத் சிங் இருக்கிறார். ஸ்கோர் கார்டில் கோல் அவர் பெயரில் ஏறும்; அதை வாங்கிக் கொடுத்த முன்கள வீரரின் பெயர் எங்கேயும் வராது.

டி.வி.யில் பார்க்கும் ரசிகருக்கு கேமரா பந்து இருக்கும் இடத்தை மட்டுமே காட்டுகிறது. பயிற்சியாளரோ பந்து இல்லாத இடத்தில் நடப்பதையும் பார்க்கிறார். விவாதத்தில் இரண்டு தரப்பும் ஒத்துப்போகாததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அதே நேரம், ரசிகர்களின் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு. அணி அறிவிப்பில் தேர்வானவர்களின் பட்டியல் வரும், பயிற்சியாளரின் பொதுவான கருத்து வரும். விடுபட்ட வீரர் எதில் குறைந்தார் என்ற விளக்கம் வழக்கமாக வருவதில்லை. காரணம் சொல்லாத இடத்தில் வதந்திதான் காரணமாக மாறும்.

அதன் பிறகு என்ன ஆனது?

கார்த்தியின் கதை 2023-ல் முடிந்துவிடவில்லை. மீண்டும் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாடு டிராகன்ஸ் அணிக்காக ஆடினார். 2025-ல் பீகாரின் ராஜ்கீரில் நடந்த ஆசியக் கோப்பைக்கு மாற்று வீரர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மலேசியாவில் நடந்த சுல்தான் அஸ்லான் ஷா கோப்பைக்கான அணியில் இடமும் கிடைத்தது.

அதாவது, தேர்வாளர்கள் கதவைச் சாத்திவிடவில்லை. ஆனால் 'அணிக்கு வெளியே', 'மாற்று வீரர்', 'அணிக்குள்' என்ற மூன்று படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதும் சுலபம் இல்லை.

கோவில்பட்டிக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்?

கோவில்பட்டி என்றால் மற்றவர்களுக்குக் கடலை மிட்டாயும் தீப்பெட்டியும். ஹாக்கி தெரிந்தவர்களுக்கு அது 'ஹாக்கிபட்டி'. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும் நாட்களில் ஊரே கேலரியில் உட்கார்ந்திருக்கும்.

கரிசல் காட்டில் மழையை நம்பித்தான் விவசாயம். மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ்தான் கைகொடுக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஹாக்கி ஸ்டிக் என்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாடும் படிப்பும் கவலை இல்லை. நல்லா ஆடினால் ரயில்வே, வங்கி, காவல்துறை என விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி உண்டு. அந்த வழியின் உச்சியில் இருப்பது இந்திய அணியின் ஜெர்சி.

மண் தரையில் பழகும் பையன் செயற்கை புல்தரைக்கு வந்ததும் எல்லாமே மாறும். அங்கே பந்து வேகம் வேறு, உருளும் விதம் வேறு. தண்ணீர் தெளித்துத்தான் ஆட வேண்டும். குடிநீருக்கே கஷ்டப்பட்ட வட்டாரத்தில் அதுவே பெரிய விஷயம். இத்தனையும் தாண்டி ஒருவர் மேலே போயிருக்கிறார் என்றால், அவர் அணியில் இருப்பதும் இல்லாததும் விடுதியில் இருக்கும் அடுத்த பையனுக்குச் சேதி சொல்கிறது. அதனால்தான் அந்த ஒரு பெயருக்காக ஊர் இவ்வளவு வாதாடுகிறது.

இனி எதைக் கவனிக்கணும்?

2026 ஆகஸ்ட்டில் நெதர்லாந்து, பெல்ஜியத்தில் உலகக் கோப்பை. அது முடிந்த கையோடு செப்டம்பரில் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இரண்டு பெரிய தொடர்கள் இவ்வளவு நெருக்கமாக வருவதால் கூடுதல் முன்கள வீரர்களுக்கு வாய்ப்பு திறக்கலாம்.

கார்த்தி ஆடும் போட்டியைப் பார்த்தால், கோலை மட்டும் எண்ணாமல் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பந்து பறிபோனதும் எத்தனை வேகமாகத் திரும்பி ஓடுகிறார்? எத்தனை பெனால்டி கார்னர் வாங்கிக் கொடுக்கிறார்? ஆட்டம் இறுகும் கடைசிக் கால்பகுதியில் பயிற்சியாளர் அவரைக் களத்தில் வைத்திருக்கிறாரா, பெஞ்சில் வைத்திருக்கிறாரா?

முதல் விசிலுக்கு அவர் எங்கே இருக்கிறார் என்பது பெரிய விஷயமே இல்லை. கடைசி விசிலுக்கு முன்னால் அவரை நம்பி இறக்குகிறார்களா என்பதுதான் விஷயம்.